சித்தப்பாவும் பையனும் வரைந்த ஊர்கள்

பி.காம். படித்துவிட்டு வங்கியில் பற்று வரவு பார்க்கிறவனுக்கு ஓவியத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லைதான். ஆனால் இந்தக் கதையில் சாயத்தைவிடக் கணக்கு அதிகம். சந்தா, லாட்டரி, சொத்து மதிப்பீடு எல்லாம் வருகிறது. அந்தத் தைரியத்தில் ஆரம்பிக்கிறேன்.

1786-ம் வருஷத் தொடக்கத்தில் சீனா வழியாகக் கல்கத்தா வந்து இறங்கினார்கள் இரண்டு பேர். ஒருவர் தாமஸ் டேனியல், வயது 36. இங்கிலாந்தில் சத்திரக்காரர் வீட்டுப் பிள்ளை. கோச் வண்டிகளுக்கு வர்ணம் பூசும் வேலையில் ஆரம்பித்து, லண்டன் ராயல் அகாடமியில் படித்து, அங்கே ஓவியராகப் பெரிதாகப் பிழைக்க முடியாமல் கம்பெனியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கப்பல் ஏறியவர். கூட வந்தது அவருடைய சகோதரரின் மகன் வில்லியம், 16 வயதுப் பையன். ஆங்கிலப் புத்தகங்களில் 'அங்கிள்' என்று போட்டு முடித்துவிடுகிறார்கள். நமக்கு அப்படி விட மனசு வராது அல்லவா. அப்பாவோடு பிறந்தவர் என்பதால் மாமா கிடையாது. நான் சித்தப்பா என்றே வைத்துக்கொள்கிறேன்.

அதே 1786 ஜூலையில் சித்தப்பா கல்கத்தாப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தார். கல்கத்தா நகரின் 12 காட்சிகளை வரைந்து அச்சிட்டு வெளியிடப் போகிறேன், சந்தா சேருங்கள் என்று. கையில் முதல் இல்லாதவன் முன்பணம் வாங்கித் தொழில் செய்வது அன்றைக்கும் வழக்கம்தான். ஆனால் சொன்ன சரக்கைக் கொடுக்க வேண்டுமே! அவர் எடுத்துக்கொண்ட முறைக்கு அக்வாடிண்ட் என்று பெயர். செம்புத் தகட்டின் மேல் பிசின் பொடியைத் தூவி, சூடாக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் முக்கி எடுப்பார்கள். பொடிக்கு நடுவே அமிலம் அரித்த இடத்தில் மை தங்கும். எத்தனை நேரம் முக்குகிறோமோ அத்தனைக்கு நிழல் கூடும். அச்சான பிறகு ஒவ்வொரு தாளுக்கும் கையால் வர்ணம் தீட்ட வேண்டும். கல்கத்தாவில் அன்று இந்த வேலை தெரிந்த ஆட்கள் இல்லை. உள்ளூர் வங்காளிக் கைவினைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, தானும் கற்றுக்கொண்டு அவர்களுக்கும் கற்றுக்கொடுத்து, ஓவியன் முதல் செம்புக் கொல்லன், அச்சடிப்பவன், எடுபிடி வரை எல்லாம் நானே என்று நண்பருக்குக் கடிதத்தில் புலம்பியிருக்கிறார். 12 படமும் முடிய 1788 கடைசி ஆகிவிட்டது.

காளிகாட்டில் மெட்ரோ ஏறி எஸ்ப்ளனேடில் இறங்கி, பழைய டல்ஹௌசி ஸ்கொயர் (இப்போது பி.பா.தீ. பாக்) பக்கம் நடந்தால் அந்தப் படங்களில் இருக்கும் இடங்களைத் தேடிப் பார்க்கலாம். பாதி இல்லை. அதுதான் விசேஷமே. பழைய கோர்ட் ஹவுஸை டேனியல் வரைந்தார், 1792-ல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் 1818-ல் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச் நிற்கிறது. சிராஜ் உத் தௌலா பிடித்த பழைய வில்லியம் கோட்டை படத்தில் இருக்கிறது, தரையில் இல்லை. அதன் மேல்தான் 1868-ன் ஜி.பி.ஓ. குவிமாடம் உட்கார்ந்திருக்கிறது. பழைய சுவர் ஓடிய இடத்தைக் காட்டப் பித்தளைக் கோடு பதித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ரைட்டர்ஸ் பில்டிங் இருக்கிறது. ஆனால் டேனியல் வரைந்த ரைட்டர்ஸ் நீளமான, மொட்டையான, பட்டாளக் குடியிருப்பு மாதிரியான கட்டிடம். கம்பெனி குமாஸ்தாக்கள் (ரைட்டர் என்றால் குமாஸ்தாதானே) தங்கியது. இன்று காணும் சிவப்பு முகப்பும் சிலைகளும் நூறு வருஷம் கழித்து ஒட்டவைத்தவை. 2013-ல் தலைமைச் செயலகம் ஹவுராவில் நபன்னா கட்டிடத்துக்குப் போய்விட்டது.

சித்பூர் ரோட்டில் கோவிந்தராம் மித்ரா கட்டிய நவரத்தினக் கோயிலையும் வரைந்திருக்கிறார். இந்த மித்ரா கம்பெனியின் வரி வசூல் அதிகாரி. கணக்கில் கை வைத்தார் என்று ஹால்வெல் துரை குற்றம் சாட்டினார். கணக்கில் கை வைத்த பணமோ இல்லையோ, கோபுரம் ஊரிலேயே உயரமாக இருந்தது. இன்று அந்த உயரத்தில் ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் அந்தப் படங்களில் உண்டு. அரசு மாளிகைகளின் கைப்பிடிச் சுவர் மேல் பெரிய நாரைகள் வரிசையாக நிற்கும். ஹர்கிலா என்று இங்கே சொல்வார்கள். ஆள் உயரப் பறவை, குப்பையும் பிணமும் தின்று ஊரைச் சுத்தம் செய்தது. கல்கத்தாவை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது அஸ்ஸாம் பக்கம்தான் அதிகம். கட்டிடத்தை வரைய உட்கார்ந்தவன் பறவையையும் சேர்த்து வரைந்ததால் நமக்குக் கிடைத்த சாட்சி அது.

செயின்ட் ஜான்ஸ் சர்ச்சையும் வரைந்தார், கட்டி முடித்துப் புத்தம் புதிதாக இருந்தபோது. அந்தச் சர்ச் வளாகத்தில் ஜாப் சார்னாக்கின் சமாதி இருக்கிறது. இங்கே நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கொசுறு. சமாதியின் கல்லை 1890-களில் ஆராய்ந்த ஹாலண்ட் என்ற புவியியலாளர், அதே கல் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளில் இருப்பதைப் பார்த்து, அந்த வகைப் பாறைக்கே சார்னகைட் என்று பெயர் வைத்தார். கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படுகிற ஆளின் தலைமாட்டில் பல்லாவரத்துக் கல்! தாம்பரம் லைனில் ரயில் பிடித்து வளர்ந்தவர்கள் அங்கே போனால் கொஞ்சம் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம்.

படங்கள் விற்றன.  அந்தப் பணத்தில் இருவரும் படகு பிடித்துக் கங்கையில் மேலே போய், தில்லி, ஆக்ரா, கர்வால் இமயமலை வரை சுற்றி 1791 கடைசியில்தான் கல்கத்தா திரும்பினார்கள். வடக்கே போனதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

எனக்கு வேண்டியது தெற்கே போனது. அதற்குப் பணம்? வரைந்த எண்ணெய் ஓவியங்களை லாட்டரி போட்டு விற்றார்கள். ஒரு சீட்டு வாங்கினால் ஒரு படம் விழும். பெரியதா சின்னதா என்பது அதிர்ஷ்டம். ஓவியருக்கோ எல்லாப் படமும் ஒரே நாளில் காசாகிவிடும். கையிருப்புச் சரக்கை ஒரே அடியில் ரொக்கமாக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

1792 மார்ச்சில் கப்பலேறி மாத இறுதியில் சென்னை. ஏப்ரலில், அதுவும் நம் ஊர் ஏப்ரலில், பல்லக்கும் ஆட்களுமாகக் கிளம்பிவிட்டார்கள். ஏன் இந்த அவசரம்? தேதியைப் பாருங்கள். அந்த மார்ச்சில்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்பு சுல்தான் தோற்று, ராஜ்யத்தில் பாதியைக் கொடுத்தார். கம்பெனிக்குக் கிடைத்ததில் பாராமஹால் (இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்), திண்டுக்கல் எல்லாம் உண்டு. ஓசூர், ராயக்கோட்டை, சங்ககிரி என்று டேனியல்கள் வரைந்துகொண்டே போன மலைக்கோட்டைகள் யாவும் அப்போதுதான் சண்டை நடந்து முடிந்த இடங்கள். லண்டனில் பத்திரிகையில் அந்தப் பெயர்களைப் படித்தவர்களுக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. சரக்குக்குச் சந்தை தயார்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சொத்தை அடமானம் வைத்துக் கடன் கொடுக்கும்போது மதிப்பீட்டாளர் போய் நாலு பக்கமும் புகைப்படம் எடுத்து ஃபைலில் சேர்ப்பார். வீட்டுக்காரர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்பது படத்தில் வராது. வாசல், சுவர், எல்லை, பக்கத்தில் ரோடு. எனக்கு டேனியலின் பாராமஹால் படங்களைப் பார்க்கிறபோது அந்த ஃபைல்தான் ஞாபகம் வருகிறது. பாறை, கோட்டை, மேலே மேகம், கீழே நாலு ஆடு, ஒரு கூடாரம். அத்தனை அமைதி. ஆனால் 1791-92-ல் தக்காணத்திலும் சென்னை மாகாணத்தின் வட பகுதியிலும் கோரமான பஞ்சம். புதைக்க ஆளில்லாமல் கிடந்த எலும்புகளை வைத்து 'மண்டையோட்டுப் பஞ்சம்' என்றே அதற்குப் பெயர். போதாததற்குப் படைகள் வேறு போகிற வழியெல்லாம் தின்று தீர்த்திருந்தன. சித்தப்பாவும் பையனும் அந்த நிலத்துப் படைகளின் பின்னால்தான் போகிறார்கள். படத்தில் ஒரு எலும்பு இல்லை.

பொய் வரைந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. சொல்லவும் முடியாது. டேனியல்கள் கேமரா அப்ஸ்க்யூரா என்ற பெட்டியை வைத்துக் கோடு தவறாமல் வரைந்தவர்கள். லென்ஸ் வழியாக உள்ளே விழும் காட்சியைக் காகிதத்தில் அப்படியே பிடிக்கலாம். அவர்களுக்கு முன்னால் 1780-ல் சென்னைக்கு வந்த வில்லியம் ஹாட்ஜஸ் என்ற ஓவியரின் அச்சுப் படங்களைக் கையோடு எடுத்துப் போய், அதே இடத்தில் நின்று ஒப்பிட்டு, மனுஷன் இஷ்டத்துக்கு வரைந்திருக்கிறார் என்று பையன் டைரியில் குறித்திருக்கிறான். அளவில் அத்தனை நேர்மை. எதை வரைவது என்பதில்தான் விஷயம். அன்றைய ஆங்கிலேய ரசனைக்குப் பிடித்தது அழகான சிதைவு: இடிந்த வளைவு, அதில் முளைத்த செடி, அடியில் எறும்பு மாதிரி மனிதர்கள்.

சங்ககிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1792-ல் டேனியல் வரைந்த மலை. 13 வருஷம் கழித்து 1805-ல் தீரன் சின்னமலையைத் தூக்கில் போட்டது அந்த மலையில்தான். இருவரும் திருநெல்வேலிச் சீமை வழியாகப் போனார்கள், சிவகிரியை வரைந்தார்கள். அப்போது பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் உயிரோடு இருக்கிறார். கயத்தாற்றுப் புளியமரம் இன்னும் ஏழு வருஷ தூரத்தில். படத்தில் எல்லாம் சாந்தமாக இருக்கிறது. எனக்கென்னவோ அந்தச் சாந்தத்தைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.

பாபநாசம் அருவியை அவர்கள் வரைந்தது அழகு. அதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது (தங்கமணிக்கு அம்பாசமுத்திரம், அதனாலும்). களக்காட்டுப் பக்கம் நின்று மலைத்தொடரின் தென்கோடியை வரைந்து 'கன்னியாகுமரி' என்று தலைப்புப் போட்டார்கள். படத்தில் கடற்கரைக் கோயிலைத் தேடாதீர்கள், மலைதான் இருக்கும்.

மதுரையில் நிறைய நாள் உழைத்திருக்கிறார்கள். கோயிலுக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தின் உட்புறம் ஒரு படம். தூண் வரிசையும் இருட்டும் வெளிச்சமுமாக. நாயக்கர் மகால் இன்னொன்று. இன்று நாம் சிலப்பதிகார ஒலி-ஒளிக் காட்சி பார்க்கப் போகிற மகால் பழைய அரண்மனையில் நாலில் ஒரு பங்கு என்பார்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனது போக, மீதி வெயிலில் மழையில் கிடந்தது. டேனியல் பார்த்தது அந்த நிலை: கூரை போய், வளைவுகள் ஆகாயத்தைப் பார்த்து நிற்கின்றன. 1866 முதல் 1872 வரை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுதான் பழுது பார்க்க ஏற்பாடு செய்தார். இடையில் எதெல்லாம் விழுந்தது என்று சொல்ல அந்தப் படங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

சென்னையில் பரங்கிமலைக்குப் போகும் வழியில் அர்மீனியப் பாலம் என்று ஒரு படம். சைதாப்பேட்டை மர்மலாங் பாலம்! 1726-ல் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர் தன் சொந்தப் பணத்தில் கட்டியது. பரங்கிமலைப் படிக்கட்டும் அவர் காசுதான். ஒரு வியாபாரி லாபத்தில் பாலம் கட்டி ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போனான் என்றால் ஒரு கும்பிடு போடத்தானே வேண்டும். 1960-களில் பழைய பாலத்தை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டி மறைமலையடிகள் பாலம் என்று பெயர் வைத்தார்கள். கல்வெட்டு ஒன்று மிச்சம். பாலத்தின் உருவம் டேனியல் தாளில் மட்டும்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் படம் 1798-ல் அச்சானது. விமானம் கச்சிதமாக வந்திருக்கிறது. ஆனால் ஒன்று. இவர்கள் எதிரே நின்று வரைந்தபோது இதைக் கட்டியவர் யார் என்று ஆராய்ச்சிக்காரர்களுக்கே நிச்சயமாகத் தெரியாது. கரிகாலன் என்றும் குலோத்துங்கன் என்றும் பின்னால் வந்த அறிஞர்கள்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1886-ல் ஹுல்ட்ஷ் கல்வெட்டுகளைப் படித்த பிறகுதான் ராஜராஜன் என்று உறுதியானது. கோயிலோ தன் பெயரைச் சுற்றுச்சுவர் முழுக்க எழுதி வைத்துக்கொண்டு 800 வருஷத்துக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. கோட்டைப் பார்த்தவர்கள் எழுத்தைப் படிக்கவில்லை.

1793 ஜனவரியில் சென்னை திரும்பி, இன்னொரு லாட்டரி போட்டுவிட்டு, பம்பாய் வழியாக ஊர் போய்ச் சேர 1794. பிறகு 13 வருஷம் செம்புத் தகடும் அமிலமுமாக உட்கார்ந்து 144 படங்கள் வெளியிட்டார்கள். முழுத் தொகுப்பு விலை 210 பவுண்டு. அன்றைய கணக்கில் அது பணக்காரர் சமாசாரம்.

வாங்கிய பணக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கல்கத்தாவில் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாக இருந்து, பிறகு ஏஜென்சி ஹவுஸ் நடத்திய சார்லஸ் காக்கரெல் என்று ஒருவர். ஏஜென்சி ஹவுஸ் என்றால் டெபாசிட் வாங்கி, அவுரி வியாபாரத்துக்குக் கடன் கொடுத்த அந்தக் கால வங்கி. அவர் ஊர் திரும்பி குளஸ்டர்ஷயரில் செசின்கோட் என்ற மாளிகையை முகலாயப் பாணியில் கட்டினார். தோட்டத்துக்கு யோசனை சொன்னவர் நம் சித்தப்பா. சூரியனுக்கு ஒரு கோயில், ஓடை, பாலம், பாலத்தின் மேல் நந்திகள்! இளவரசர் அதைப் பார்த்து ஆசைப்பட்டதும் பிரைட்டன் பெவிலியன் இந்தியக் குவிமாடங்களோடு எழுந்ததற்கு ஒரு காரணம். லண்டனில் இருக்கும் நம் குடும்பங்கள் விடுமுறைக்குப் பிரைட்டன் கடற்கரை போனால் பையன்களுக்குச் சொல்லுங்கள், இந்தக் குவிமாடம் பாதி கல்கத்தாவிலிருந்து போனது என்று.

தோட்டம் என்றதும் ஹூக்ளிக்கு அக்கரையில் சிப்பூர். 1786-ல், டேனியல் சந்தா விளம்பரம் கொடுத்த அதே கோடையில், ராபர்ட் கிட் என்ற ராணுவ அதிகாரி கம்பெனிக்கு ஒரு யோசனை எழுதினார். பஞ்சத்தில் ஜனங்கள் சாகிறார்கள், ஜவ்வரிசிப் பனை போன்ற மரங்களை வளர்த்தால் உதவும். கூடவே தேக்கு, வாசனைப் பயிர்களும் என்று. 1787-ல் தோட்டம் வந்தது. 1793-ல் அதற்குத் தலைவராக வந்த வில்லியம் ராக்ஸ்பர்க் அதற்கு முன் சென்னை மாகாணத்துச் சாமல்கோட்டையில் இருந்தவர். செடிகளை வரைய இந்திய ஓவியர்களை வேலைக்கு வைத்தார். அப்படிச் சேர்ந்த படங்கள் 2500-க்கு மேல். ஒரு தொகுப்பு இன்றும் கல்கத்தாவில், இன்னொன்று லண்டன் கியூ தோட்டத்தில். இலை நரம்பு, மகரந்தம், விதையின் குறுக்குவெட்டு எல்லாம் அத்தனை துல்லியம். வரைந்தவர் பெயர்? பெரும்பாலும் இல்லை. சம்பளப் பட்டியலில் கைரேகை வைத்துவிட்டுப் போனவர்கள்.

விதிவிலக்காகத் தெற்கில் இரண்டு பேர். சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ராபர்ட் வைட் என்ற டாக்டர் 1838 முதல் 1853 வரை 2101 செடிப் படங்கள் வெளியிட்டார். வரைந்தவர்கள் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. வைட் அவர்கள் பெயரைப் படத்திலேயே போட்டார். ஒரு ஆர்க்கிட் இனத்துக்குக் 'கோவிந்தூயியா' என்று பெயரும் வைத்தார். பின்னால் தாவரவியலாளர்கள் அதை வேறு இனத்தோடு சேர்த்துப் பெயரை எடுத்துவிட்டார்கள் என்பது தனி வருத்தம்.

இன்னும் இரண்டு பேரைச் சொல்லாமல் விட முடியாது. ஒருவர் ஜேம்ஸ் ஃபெர்குசன். கல்கத்தா வியாபாரி, அவுரியில் பத்து வருஷத்தில் சம்பாதித்ததை எடுத்துக்கொண்டு 1835-லிருந்து ஊர் ஊராகப் போய்க் கோயில்களை வரைந்தார். கேமரா லூசிடா என்ற சின்னக் கண்ணாடிக் கருவி கையில். இந்தியக் கட்டிடக்கலை வரலாறு என்று ஒரு பாடத்தையே உண்டாக்கியவர். (வி.ஆர்.எஸ். வாங்க நினைப்பவர்கள் கவனிக்க!) ஆனால் கல்லில் கட்டுவதை இந்தியர் கிரேக்கரிடம் கற்றார்கள் என்றார். கல்கத்தாவில் ராஜேந்திரலால் மித்ரா அதை மறுத்து எழுத, 1884-ல் ஃபெர்குசன் அவரைத் தாக்கி ஒரு புத்தகமே போட்டார். ஒரு இந்தியன் தன் கோயிலைப் பற்றித் தனக்கே தெரியும் என்று சொல்லலாமா என்கிற கோபம் அதில் தெரியும்.

இரண்டாமவர் அந்தக் கோபத்துக்கு அரை நூற்றாண்டு முன்பே பதில் எழுதி வைத்திருந்தவர். ராம் ராஸ். தஞ்சாவூரில் பிறந்து, ராணுவக் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் சின்ன குமாஸ்தாவாக இருந்து, ஆங்கிலம் கற்பித்து, கடைசியில் பெங்களூரில் நீதிபதி ஆனவர். மானசாரம் முதலிய சிற்ப நூல்களின் ஏடுகளைத் தேடி, புரியாத சொற்களுக்கு வேலை செய்யும் ஸ்தபதியையே பக்கத்தில் உட்காரவைத்து அர்த்தம் கேட்டு, தூணுக்கும் பீடத்துக்கும் விமானத்துக்கும் அளவு சொல்லிப் படங்களோடு எழுதினார். அவர் இறந்த பிறகு 1834-ல் லண்டனில் புத்தகம் வந்தது. டேனியல் பார்த்தது கோபுரத்தின் நிழல்; ராம் ராஸ் பார்த்தது கோபுரத்தின் கணக்கு. ஆடிட் ஆபீஸ் ஆள் வேறு எப்படிப் பார்ப்பார்!

இத்தனை பேர் கட்டிடம் வரைந்த காலத்தில் நான் குடியிருக்கும் காளிகாட்டில் என்ன நடந்தது? இன்றைய காளி கோயில் கட்டி முடித்தது 1809-ல். டேனியல்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். கோயிலைச் சுற்றி மேதினிபூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த பட்டுவாக்கள் கடை போட்டார்கள். மில் காகிதம், நீர் வர்ணம், ஒரே இழுப்பில் தூரிகைக் கோடு. யாத்ரீகர்கள் சில்லறைக் காசுக்கு வாங்கிப் போனார்கள். காளி, கணேசர், பூனை வாயில் இறால், குடை பிடித்த பாபு, 1873-ல் தாரகேஸ்வரத்து மகந்த் விவகாரத்தில் கணவன் மனைவியை வெட்டிய வழக்கு. ஆனால் பின்னணி? வெறும் வெள்ளை. கோயில் இல்லை, தெரு இல்லை, மரம்கூட இல்லை. அங்கே வந்த துரைகள் கட்டிடத்தைப் பெரிதாக்கி மனிதனை எறும்பாக்கினார்கள். இங்கே பட்டுவா மனிதனைத் தாள் முழுக்க நிறுத்திக் கட்டிடத்தை அழித்துவிட்டான். கோயில் வாசலிலேயே உட்கார்ந்திருப்பவனுக்குக் கோயிலை வரைந்து என்ன ஆகப் போகிறது! ஜெர்மனியிலிருந்து மலிவான வர்ண அச்சுப் படங்கள் வந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தொழில் படுத்துவிட்டது. இன்று நிறையப் படங்கள் பார்க்க வேண்டுமானால் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் போக வேண்டும்.

நம் பக்கம் கோயிலுக்கு உள்ளிருந்து வரைந்த ஒருவர் உண்டு. ஆனந்த விகடன் வாங்கிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், சில்பி. இயற்பெயர் சீனிவாசன், 1919-ல் நாமக்கல்லில் பிறந்தவர், 1983-ல் காலமானார். சென்னை ஓவியப் பள்ளியில் அவருக்கு முதல்வர் யார் தெரியுமா? தேவிபிரசாத் ராய் சௌத்ரி, வங்காளி. மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்தவர். அவரிடம் படித்துவிட்டு விகடனில் சேர்ந்த சில்பி, 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்று ஊர் ஊராகப் போய்ச் சிலைகளின் முன்னால் உட்கார்ந்து வருஷக்கணக்காக வரைந்தார். சில்பி என்ற பெயரை வைத்தவர் மாலி. டேனியல்கள் மதில் வரைக்கும்தான் போக முடிந்தது. அதனால் அவர்கள் படத்தில் கோயில் என்றால் கோபுரம். சில்பிக்குக் கோயில் என்றால் தூணில் இருக்கும் குறவன், அவன் தோளில் இருக்கும் ராஜகுமாரி, நரம்பு தெரியும் குதிரைக் கால், கருவறைத் தெய்வம். எங்கள் பாட்டி அந்தப் பக்கத்தை வெட்டிக் கண்ணாடி போட்டுப் பூஜையறையில் மாட்டியிருந்தாள். டேனியல் படத்தை யாரும் பூஜையறையில் மாட்ட மாட்டார்கள்.

கல்கத்தாவில் அப்படிப் பேனாவும் மையுமாக உட்கார்ந்தவர் ரதீன் மித்ரா. டூன் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்துவிட்டு, பின்னாளில் இந்த ஊரின் பழைய வீடுகளை ஒவ்வொன்றாக வரைந்து தள்ளினார். வடக்குக் கல்கத்தாவில் கூட்டுக் குடும்ப மாளிகைகள் பங்காளிச் சண்டையில் புரோமோட்டர் கைக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. வங்கிக்காரனாகச் சொல்கிறேன், 18 வாரிசு கையெழுத்துப் போட வேண்டிய சொத்தைப் பழுது பார்க்கக் கடன் கொடுக்க எந்த மேனேஜரும் துணிய மாட்டார். இடித்துக் கட்ட மட்டும் பணம் வந்துவிடும். அவர் வரைந்த வீடுகளில் எத்தனை நிற்கிறது என்று நான் எண்ணப் போகவில்லை, மனசு கேட்காது.

என் பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நோட்டோடு வருவாள். லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் காபிப் பொடியும் வாங்கிய பிறகு, எதிரில் எதாவது பழைய பச்சை ஜன்னல் வீடு. செல்போனில் எடுத்தால் ஒரு நொடி. இவள் முக்கால் மணி நேரம் நிற்பாள். அந்த முக்கால் மணியில் வீட்டுக்காரர் வெளியே வந்து, தாத்தா எந்த வருஷம் கட்டினார், எந்த அறை யாருக்குப் பாகம், யார் கேஸ் போட்டார் என்று எல்லாம் சொல்லிவிடுவார், சில சமயம் மிஷ்டியும் வரும். "அப்பா, இந்த மாமா சொன்னதை எல்லாம் படத்தில் எங்கே போடுவது?" என்றாள் ஒரு நாள். பின்பக்கத்தில் எழுதும்மா என்றேன். இப்போது நோட்டில் முன்பக்கம் படம், பின்பக்கம் வம்பு.

கல்கத்தா வருகிறவர்களுக்கு: டேனியல்களின் அசல் எண்ணெய் ஓவியங்களின் பெரிய தொகுப்பு விக்டோரியா மெமோரியலில் இருக்கிறது. சிப்பூர்த் தோட்டத்தின் பெரிய ஆலமரத்துக்கு நடு மரமே கிடையாது. காளான் பிடித்ததால் 1925-ல் வெட்டி எடுத்துவிட்டார்கள். விழுதுகள்தான் மரத்தை வாழவைக்கின்றன. 2020 மே ஆம்பன் புயலில் அதற்கும் அடி, ஆனாலும் நிற்கிறது. வரைய நினைப்பவர்கள் எந்தப் பக்கத்தில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் திண்டாடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை.